திரைச்சீலை கழற்றுகிறவள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. கடையில் யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பன்னிரண்டு வருடமாகக் கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு தைத்ததில் ‘டேப்பு’ என்பதே பெயராக ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்து அதைக் கழற்ற மறந்து அப்படியே பேருந்தில் ஏறிவிடுவதும் உண்டு. பக்கத்து இருக்கைக்காரர்கள் ஏதோ புது மாதிரி நகை போலிருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

அது திரைச்சீலைக் கடை. முன்பக்கம் கண்ணாடி, வெளிச்சம், உருளை உருளையாகத் துணி. பின்பக்கம் தையல் அறை. ஊரிலுள்ள ஜன்னல்களுக்கெல்லாம் சீலை தைத்த அந்த அறைக்கு ஒரு ஜன்னல் கிடையாது. டேப்பு அதை நினைத்து வருத்தப்பட்டதில்லை. சில நாட்களில் சிரித்திருக்கிறாள்.

ஒரு மதியம் முதலாளி அந்த அறைக்குள் வந்து, துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

“டேப்பு, இப்ப யாரும்மா தைக்கக் குடுக்கறாங்க? எல்லாரும் பொட்டலத்துல மடிச்சு வெச்சதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க. மூணு மாசம் பார்க்கறேன். அதுக்கப்புறம் தையல் வேண்டாம்னு வெச்சிருக்கேன்.”

“சரிங்க” என்றாள். முதலாளி துணிக்கட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

வீட்டில் சொன்னபோது அவள் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். நாளெல்லாம் இரைச்சலில் நிற்பதால் வீட்டுக்கு வந்தால் பேச்சைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார். ஆனால் அன்றைக்கு வீட்டில் அவருடைய தங்கையும் இருந்தாள். டேப்புவின் நாத்தனார். பேச்சில் அண்ணன் மிச்சம் பிடித்ததையெல்லாம் தங்கைதான் செலவழிப்பாள்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு அண்ணி? எங்க கம்பெனிக்கு வந்துடுங்க. என் வரிசையில ஒரு இடம் காலியாகுது. மேனேஜர்கிட்ட சொல்லி மூணு மாசம் பிடிச்சு வெக்கறேன்.”

நாத்தனார் மருந்துப் பெட்டிகளைப் பொட்டலம் கட்டும் கம்பெனியில் வரிசைக் கண்காணிப்பாளர். ஒருமுறை டேப்பு அங்கே போயிருக்கிறாள். வெள்ளை விளக்கு, நீளமான மேசை, இருபது பெண்கள். யாரும் யாருடனும் பேசக் கூடாது. கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். போக இரண்டு பேருந்து, வர இரண்டு பேருந்து. அதை நினைத்ததும் டேப்பு வேண்டாமென்று தலையசைத்தாள்.

“நானே ஏதாவது செய்யலாமான்னு பார்க்கறேன்” என்றாள்.

நாத்தனாருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவளுடைய கைப்பையிலிருந்து ஒரு நோட்டுதான் வந்தது. ‘சொந்தத் தொழில் தொடங்குவது எப்படி’ என்று ஒரு நாள் வகுப்புக்கு அவள் போய் வந்திருந்தாள். மதியச் சாப்பாடு இலவசம் என்பதால் போனதாக அவளே ஒத்துக்கொள்வாள்.

“முதல்ல மனசு மாறணும் அண்ணி. சம்பளக்காரி மனசை வெச்சுக்கிட்டு தொழில் பண்ண முடியாது. தினமும் பத்து யோசனை எழுதணும். எழுதிக்கிட்டே இருந்தா ஒருநாள் ஒண்ணு மின்னும். அப்படித்தான் அந்த சார் சொன்னாரு.”

“அவரு என்ன தொழில் பண்றாரு?” என்றார் கணவர்.

“வகுப்பு எடுக்கறாரு.”

கணவர் மறுபடி தட்டுக்குத் திரும்பினார்.

டேப்பு மறுநாளிலிருந்தே எழுதினாள். எதைச் சொன்னாலும் ஒழுங்காகச் செய்கிற பழக்கம் அவளுக்கு. காலையில் அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் பத்து யோசனை. பெயர் தைத்த தலையணை உறை. குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடிக்கு உறை. குடைக்கு உறை. அவளுக்குத் தெரிந்தது துணி. அதனால் கண்ணில் பட்டதற்கெல்லாம் உறை மாட்டிக்கொண்டே போனாள். கணவர் ஷூவுக்கு லேஸ் கட்டியபடி நோட்டைப் புரட்டுவார்.

“குடைக்கு உறையா? குடையே நமக்கு ஒரு உறைதானே.”

ஒன்பதாவது நாள் அவளுக்கு ஒன்பது யோசனைதான் வந்தது. பத்தாவதாக, ‘தினமும் பத்து யோசனை எழுதித் தர ஒரு ஆள்’ என்று எழுதினாள். அவர் அதைப் படித்துவிட்டு, “இது நல்லா ஓடும்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

இப்படியே எழுதி ஒரு மாதம் ஓடிவிட்டது.

ஒன்று மட்டும் அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை தந்தது. கடைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் அளவு. ஒருவர் சணல் கயிறு கொண்டு வருவார். ஒருவர் கையை விரித்து, “இவ்வளவு அகலம், இதுல கொஞ்சம் குறைச்சுக்கோங்க” என்பார். ஓர் அம்மா துடைப்பக் கட்டையையே பேருந்தில் தூக்கிக்கொண்டு வந்து, “இது ரெண்டு, அப்புறம் ஒரு சாண்” என்றார். வீட்டுக்கே போய்ச் சரியாக அளவெடுத்துக் கொடுத்தால் என்ன? எந்தக் கடையில் துணி வாங்கினாலும் அளவு என்னுடையது. முதலாளியிடம் சொன்னாள். அவருக்கும் பிடித்திருந்தது. அப்போதுதான் கடைக்கு வந்திருந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையை அவளிடம் கைகாட்டினார்.

டீச்சரம்மா ஓர் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். டேப்பு போய், கூடத்து ஜன்னல்களை அளந்தாள். அளந்துகொண்டிருக்கும்போதே டீச்சரம்மா வாசலில் நின்று எதிர்வீட்டைக் கூப்பிட்டார். எதிர்வீடு கீழ்வீட்டைக் கூப்பிட்டது. ஒரே மாலையில் நான்கு வீடு, பத்தொன்பது சீலை. பேருந்தில் வரும்போது டேப்புவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நோட்டில் அன்றைக்கு எதுவும் எழுதவில்லை. மின்ன வேண்டியது மின்னிவிட்டது என்று நினைத்தாள்.

பத்தொன்பதையும் அவளே வெட்டி, தைத்து, மாட்டப் போனாள். முதல் சீலையை மாட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கிப் பார்த்தாள். ஜன்னலின் அடிக்கட்டை தெரிந்தது. இரண்டு விரற்கடை இடைவெளி. இரண்டாவதை மாட்டினாள். அதிலும் இரண்டு விரற்கடை. மீதியையும் நாலு வீட்டிலும் மாட்டிப் பார்த்தாள், எல்லாவற்றிலும் அதே இடைவெளி. அவள் கை தன்னால் கழுத்துக்குப் போனது.

கடையில் துணி வெட்டுவது மேசையில் பதித்த இரும்பு அளவுகோலை வைத்து. கழுத்தில் கிடக்கும் டேப்பு மடிப்பின் அகலத்தைப் பார்க்க மட்டும்தான். ஒரு சாணுக்கு மேல் அதை வைத்து அவள் எதையும் அளந்ததே இல்லை. பன்னிரண்டு வருடம் கழுத்தில் தொங்கி, வேர்வையில் ஊறி, இழுபட்டு, அந்தத் துணி டேப்பு நீண்டுபோயிருந்தது. அது ஏழடி என்று சொன்ன ஜன்னல் உண்மையில் ஏழடியும் இரண்டு அங்குலமும். இரும்புக்கோல் பொய் சொல்லாமல் ஏழடியே வெட்டித் தந்திருந்தது. துணிக்கடையில் இருக்கிற யாரும் செய்யக் கூடாத தப்பு. துணிக்கடையில் இருக்கிறவர்கள்தான் செய்யக்கூடிய தப்பும்கூட.

நாலு வீட்டுக்கும் ஏறி இறங்கித் தானே போய்ச் சொன்னாள். முகம் சுண்டிப்போயிருந்தது. கடைசியாக டீச்சரம்மாவிடம் வந்தாள்.

“நாலு வீட்டுலயும் ஒரே அளவு குட்டையா?” என்றார் டீச்சரம்மா.

“ஆமாங்க. எல்லாம் ரெண்டு அங்குலம்.”

“நான் முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்திருக்கேன். இவ்வளவு ஒழுங்கான தப்பை இப்பத்தான் பார்க்கறேன். சரிபண்ண முடியுமா, முடியாதா?”

முடியும். அடியில் நான்கு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்திருந்தது. அதைப் பிரித்து இரண்டாக்கினால் நீளம் வந்துவிடும். ஆனால் பத்தொன்பதையும் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போக வேண்டும். டேப்பு மறுபடி ஸ்டூலில் ஏறினாள். முதல் கொக்கியில் கை வைத்தபோது கீழேயிருந்து குரல் வந்தது.

“ஏறினது ஏறிட்டே. உள்ளறையில பழசு ரெண்டு தொங்குது, அதையும் கழட்டிப் போட்டுடேன்.”

“அதையும் தைக்கணுமா?”

“தைக்க இல்லம்மா, துவைக்க. அஞ்சு வருஷமாச்சு. என்னால ஏற முடியாது. பையன் போன தடவை வந்தப்போ கழட்டறேன்னான். வந்தான், போன்ல பேசினான், போயிட்டான்.”

டேப்பு கழற்றினாள். தூசு கொட்டியது. டீச்சரம்மா மூன்று முறை தும்மிவிட்டு, வேலை நடக்கிறது என்கிற திருப்தியோடு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டில் கணவனும் மனைவியும். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. டேப்பு புதுச்சீலையைக் கழற்றும்போது அந்த அம்மாவும் அதையே கேட்டார்.

“படுக்கையறையில இருக்கிறதைத் தொட்டு ஆறு வருஷம் இருக்கும். இவரு ஏறினா நான் ஸ்டூலைப் பிடிக்கணும்.”

“இவ பிடிச்சா நான் ஏற மாட்டேன்” என்றார் அவர், செய்தித்தாளை விலக்காமல்.

“ஏன், தள்ளிவிட்டுடுவேனா?”

“தள்ள மாட்டே. போன் வந்தா விட்டுட்டுப் போயிடுவே.”

கீழ்வீட்டிலும் அதே கதை. நாலாவது வீட்டில் கேட்பதற்கு முன் டேப்புவே, “உள்ளே பழசு இருக்கா?” என்று கேட்டாள். இருந்தது.

பழைய சீலைகள் மட்டும் பதினொன்று. எல்லாம் ஒருகாலத்தில் வேறு வேறு நிறமாக இருந்திருக்கும். இப்போது பதினொன்றும் ஒரே மண் நிறம். எது எந்த வீட்டுடையது என்று நாளைக்கு எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிளம்பும் முன், அடிமடிப்பின் உள்பக்கத்தில் ஊசியால் அடையாளம் போட்டாள். வீட்டுக்கு ஒரு நூல் நிறம். கூடத்துக்கு ஒரு தையல், படுக்கையறைக்கு இரண்டு, சமையலறைக்கு மூன்று. கொக்கிகளை எண்ணி டப்பாவில் போட்டு, மூடியிலும் அதே நிற நூலைக் கட்டினாள். யாரும் சொல்லித் தரவில்லை. ஒருவர் பொருள் இன்னொருவரிடம் போய்விடக் கூடாது என்பது கடையில் ஊறிய பயம்.

வீட்டுக் குளியலறையில் இரண்டு நாள் துவைத்தாள். முதல் தண்ணீர் களிமண் கரைசல் போல ஓடியது. கணவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“தப்புப் பண்ணினதுக்குத் தண்டனையா?”

“கேட்டாங்க, செய்யறேன்.”

“சும்மாவா?”

அதை அவள் யோசிக்கவே இல்லை. தன் தப்புக்கு ஈடாக இது போகட்டும் என்று விட்டிருந்தாள்.

மூன்றாம் நாள், நீளமாக்கிய புதியவற்றையும் துவைத்த பழையவற்றையும் சேர்த்து எடுத்துப்போய் மாட்டினாள். புதியவை சரியாக அமர்ந்தன. டீச்சரம்மா அவற்றைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். உள்ளறைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பழைய சீலையில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் இருந்தன.

“இதுல பூ இருக்குன்னே மறந்துபோச்சு” என்றார். துணியை இழுத்து மோந்து பார்த்தார். அப்புறம் மேசைக்குப் போய் நாட்காட்டியை எடுத்துவந்தார்.

“அடுத்தது எப்போ வர்றே?”

“எதுக்குங்க?”

“இதைக் கழட்டத்தான். ஆறு மாசத்துல மறுபடி அழுக்காகாதா? தேதியைச் சொல்லு, குறிச்சுக்கறேன். சும்மா வரச் சொல்லல. உனக்கு எவ்வளவுன்னும் இப்பவே சொல்லு. சொல்லத் தெரியலைன்னா நான் சொல்றேன்.”

டேப்பு நாட்காட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட அடுத்து எப்போது என்று அவளிடம் கேட்டதில்லை. சீலை வாங்கியவர் எட்டு வருடம் கழித்து வருவார், வந்தால். தூசு தினமும் வரும். நோட்டில் எழுதிய முந்நூற்றுச் சொச்சம் யோசனைகளும் அவள் எதைத் தைக்கலாம் என்பதுதான். யாருக்கு எது முடியவில்லை என்று அவள் ஒரு நாளும் எழுதவில்லை.

பயமும் வந்தது. நாலு வீடு என்பது நாலு வீடுதான். மூன்று மாதத்தில் இன்னும் ஐந்து வாரமே மீதி.

அடுத்த வாரம் அவள் அதே தெருவில் கதவு கதவாகப் போனாள். “சீலை துவைச்சுத் தரட்டுமா?” என்று கேட்டாள். எல்லாரும் கொஞ்சம் விறைத்துக்கொண்டு, “எங்க வீட்டுல எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு” என்றார்கள். ஒன்பது கதவுக்குப் பிறகு அவளுக்கே புரிந்தது, அப்படிக் கேட்பது வீட்டைக் குறை சொல்வது போலிருக்கிறது என்று. பத்தாவது கதவில் வேறு மாதிரி கேட்டாள்.

“இந்த ஜன்னல் ரொம்ப உயரமா இருக்கே, எப்படிக் கழட்டறீங்க?”

அந்த வீட்டம்மா கதவை அகலமாகத் திறந்தார். பத்து நிமிடம் அந்த ஜன்னலைக் கட்டிய கொத்தனாரைத் திட்டினார். பிறகு நாட்காட்டியைத் தேடப் போனார்.

கை வலித்தது. குளியலறை போதவில்லை. கடைக்குப் பின்சந்தில் ஒரு சலவைக்கூடம் இருந்தது. விடுதிகளின் படுக்கை விரிப்புகள் காலையில் வந்து மதியத்துக்குள் துவைத்து முடிந்துவிடும். மதியத்துக்கு மேல் பெரிய இயந்திரம் வாயைத் திறந்துகொண்டு சும்மா நிற்பதை அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். இத்தனை வருடம் பார்த்தது இப்போதுதான் கண்ணில் பட்டது. உள்ளே போய்ச் சலவைக்காரரிடம் கேட்டாள்.

“திரைச்சீலையா? அதுல கொக்கி இருக்கும். என் மெஷின் வயித்தைக் கிழிச்சிடும்.”

“எல்லாக் கொக்கியையும் எண்ணிக் கழட்டி டப்பாவுல போட்டுட்டுத்தாண்ணே கொண்டு வருவேன்.”

“ஒண்ணு விட்டுப்போச்சுன்னா?”

“அன்னிக்கோட என்னை உள்ளே விடாதீங்க.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீ அந்தக் கடை டேப்புதானே? ஒருநாள் கழுத்துல டேப்போட பஸ்ஸுக்கு ஓடினே.”

“ஆமாண்ணே.”

“சரி, மூணு மணிக்கு மேல வா. சும்மா நிக்கறதுக்கு ஓடட்டும்.”

கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடக்கு ஏணி ஒன்றை எங்கிருந்தோ தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பழைய டயரிலிருந்து ரப்பரை வெட்டி அதன் நான்கு காலுக்கும் செருப்பு போல மாட்டினார். ஏறி நின்று ஆட்டிப் பார்த்தார்.

“வழுக்காது” என்றார். அந்த வாரத்தில் அவர் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அதன் பிறகுதான் வந்தது. “ஊர்ல இருக்கிற தூசியெல்லாம் நமக்குச் சொத்துன்னு சொல்லு.”

மூன்றாவது மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது நாத்தனார் வந்தாள். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் கம்பெனியின் நீலநிற மேலங்கி, டேப்புவின் அளவில்.

“உங்களுக்குன்னு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்தேன். திங்கக்கிழமை ஏழரைக்கு வாசல்ல நிக்கணும்.”

டேப்பு மேலங்கியைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல தையல். உள்ளே மடிப்புகூட ஒழுங்காக இருந்தது. தைத்தவள் எங்கேயோ ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்திருப்பாள்.

“திங்கக்கிழமை எனக்கு ரெண்டு வீடு இருக்கு” என்றாள்.

“சரி, செவ்வாய்க்கிழமை.”

“செவ்வாய்க்கிழமை ஒண்ணு. புதன் மாட்டற நாள்.”

நாத்தனார் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். எழுந்து போய்க் கிட்டே நின்று பார்த்தாள். கட்டங்களில் சிவப்பு, பச்சை, மஞ்சள் நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒரு தாளைப் புரட்டினாள், அடுத்ததிலும் இருந்தன. ஆறாவது தாளில் டீச்சரம்மாவின் தேதி.

“இது அந்தப் பத்து யோசனையில எத்தனாவது?”

“அதுல இல்ல.”

“அப்போ நோட்டு வீணா?”

“வீண்னு சொல்ல முடியாது. எழுதி எழுதி உறையெல்லாம் தீர்ந்துபோச்சு. அதுக்கப்புறம்தான் மத்தவங்க சொல்றது காதுல விழுந்துச்சு.”

நாத்தனார் புரட்டிய தாள்களைக் கீழே விட்டுத் திரும்பினாள்.

“நிலைக்குமா அண்ணி? நாளைக்கு யாரும் கூப்பிடலைன்னா என் வரிசையில இடம் இருக்காது. நான் வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்ல.”

“தெரியும்.”

“பயமா இல்லையா?”

“இருக்கு. அந்த நீள மேசை இன்னும் கொஞ்சம் பயமா இருக்கு.”

நாத்தனாருக்குக் கோபம் வந்திருக்கலாம். அந்த மேசையில் அவள் பதினான்கு வருடம் நின்றிருக்கிறாள். ஆனால் அவள் மேலங்கியை மடித்தாள், பொட்டலத்தில் வைத்தாள், மறுபடி எடுத்து இன்னும் ஒழுங்காக மடித்தாள்.

“ஏணியை யார் பிடிக்கிறா?” என்றாள்.

“ரப்பர் போட்டிருக்கு. பிடிக்க வேண்டாம்.”

“எதுக்கும் ஒரு ஆள் பிடிக்கணும் அண்ணி. விழுந்து கையை உடைச்சுக்கிட்டா தேதியெல்லாம் என்ன ஆகும்? இதெல்லாம் வகுப்புல சொல்லியிருக்காங்க. எனக்கு ஞாயித்துக்கிழமை லீவுதான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பல் மருத்துவரின் வீடு. பத்தடி உயர ஜன்னல், கனமான பச்சைச் சீலை. டேப்பு மேலே. நாத்தனார் கீழே இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஒரு தொழிலை எப்படிப் பெரிதாக்குவது என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

“முதல்ல ஒரு பேர் வெக்கணும் அண்ணி. அப்புறம் ரெண்டாவது ஆளைச் சேர்க்கணும். எப்பவும் நாமளே ஏறிக்கிட்டிருந்தா அது தொழில் இல்ல, வேலை. அந்த சார் ஒரு படம் போட்டுக் காட்டினாரு, ஒரு முக்கோணம்...”

டேப்பு கடைசிக் கொக்கியை விடுவித்தாள். நாலு வருடத் தூசு மெதுவாக, அவசரமில்லாமல் இறங்கியது. கீழே பேச்சு நின்றது. இருமல் கேட்டது, அப்புறம் தும்மல், அப்புறம் மறுபடி இருமல். ஏணி மட்டும் அசையவில்லை.

“வாயை மூடிக்கோன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்தபடி.

“பன்னெண்டு வருஷமா சொல்லணும்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கேன்” என்றாள் டேப்பு.

கீழேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது, இருமலோடு சேர்ந்து. டேப்பு கொக்கிகளை எண்ணி டப்பாவில் போட்டாள். இருபத்து நாலு. சரியாக இருந்தது. சீலை இல்லாத ஜன்னல் வழியே எதிர்மாடி தெரிந்தது. வரிசையாக ஜன்னல்கள். அவற்றில் எத்தனை கழற்றாமல் தொங்குகின்றன என்று ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு, அடுத்த அறைக்கு ஏணியை நகர்த்தச் சொன்னாள்.